காணாமல் போன நான்கு லம்பாம்கள்

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரம். இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்தின் வாசலில் தயங்கி நின்றான்.

"சார், என் மீன் தொட்டியில அஞ்சு மீன் இருந்துச்சு. இப்ப ஒன்னுதான் இருக்கு. செத்த மீன் ஒன்னுகூட மிதக்கல. எங்க சார் போச்சு?"

"மிச்சம் இருக்கிறது என்ன மீன்?"

"தோமான், சார்."

கேள்விக்குப் பதில் அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்பு அவன் ஒரு தோமான் குஞ்சும் நான்கு லம்பாம் குஞ்சுகளும் வாங்கியிருக்கிறான். எல்லாமே ஏறத்தாழ 6 செ.மீ. நீளம். "எல்லாம் ஒரே சைஸ், ஒன்னா வளர்ந்துடும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். தோமான் குஞ்சின் உடலில் ஓடும் செம்மஞ்சள் கோடுகள் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால், தோமான் நாம் சந்தையில் வாங்கும் விராலின் பெரிய உறவினர். நம் நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் இந்த மீன் ஒரு மீட்டர் நீளத்தைத் தொடக்கூடியது. வளர வளர அந்தக் கோடுகள் மங்கிவிடும். பசி மட்டும் மங்காது.

ஐந்து மாதத்தில் தோமான் 24 செ.மீ. ஆகிவிட்டது. நெரிசலான இரண்டடித் தொட்டியில் லம்பாம்கள் அந்த அளவுக்கு வளரவில்லை. பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம்.

மாணவர்களே, பெரிய வேட்டை மீன்களை வளர்க்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆஸ்கார் மீன் தன் உரிமையாளரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே ஓடி வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால், எந்த மீனை எதனோடு சேர்த்து வளர்க்கலாம் என்பதைக் கடையில் காணும் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. முழுமையாக வளர்ந்த மீனை மனத்தில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை இவ்வாரம் போட்டுப் பார்ப்போம்.

வாய்தான் முதல் அளவுகோல்

புலி தன் இரையைக் கிழித்துத் தின்னும். பெரும்பாலான வேட்டை மீன்கள் அப்படிச் செய்வதில்லை. இரையை முழுதாக விழுங்கிவிடும். வாயைச் சட்டென்று அகலத் திறக்கும்போது வாயறையின் கொள்ளளவு கூடுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் அதிகமாக உள்ள வெளிப்புற நீர் உள்ளே பாய்கிறது. இரையும் அந்த நீரோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காலையில் எழுந்து பார்க்கும் நமக்கு ஒரு செதில்கூடக் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

ஆகவே, முதல் விதி எளிது. ஒரு மீனின் உடல் இன்னொரு மீனின் வாய்க்குள் நுழையுமானால், அது துணை அல்ல, உணவு. இங்கே நீளத்தைவிட உடலின் உயரம் முக்கியம். உயரம் என்றால் முதுகிலிருந்து வயிறு வரை உள்ள அளவு. 15 செ.மீ. நீளமுள்ள மெலிந்த மீன் ஒரு பெரிய வாய்க்குள் எளிதில் போய்விடும். அதே நீளமுள்ள சில்வர் டாலர் மீன் தட்டுப் போல வட்டமாக இருப்பதால் போகாது. சில்வர் டாலர், பிரானாவின் உறவினர்; ஆனால் தாவர உணவை விரும்பித் தின்னும் சாது.

இந்த விதிக்கு ஒரு துணை விதியும் உண்டு. வாய்க்குள் நுழையும் மீன் எல்லாமே தொண்டைக்குள் இறங்கிவிடும் என்று சொல்ல முடியாது. நம்மவர்கள் தொட்டிப் பாசியைத் தின்பதற்காக வாங்கிப் போடும் 'பண்டாராயா' மீனின் துடுப்புகளில் கடினமான முட்கள் உள்ளன. ஆபத்து வந்தால் அவற்றை விறைத்து நிறுத்திக்கொள்ளும். அதை விழுங்கப் பார்க்கும் பெரிய மீனின் தொண்டையில் முள் சிக்கி, இரண்டுமே இறந்துபோக வாய்ப்புண்டு.

நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு

கணிதப் பாடத்தில் கனசதுரத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டிருப்பீர்கள். பக்கத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால் கொள்ளளவு 2 × 2 × 2, அதாவது 8 மடங்காகிறது. மீனும் அப்படித்தான். உருவ அமைப்பு மாறாமல் நீளம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

நம் மாணவனின் தோமானை எடுத்துக்கொள்வோம். 6 செ.மீ. 24 செ.மீ. ஆனது; நீளம் நான்கு மடங்கு. எடையோ 4 × 4 × 4, அதாவது 64 மடங்கு! தொட்டி மட்டும் அதே இரண்டடித் தொட்டி.

'இத்தனை லிட்டர் நீருக்கு இத்தனை சென்டிமீட்டர் மீன்' என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். சிறிய மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பெரிய மீன்களுக்குப் பொருந்தாது. 10 செ.மீ. மீன்கள் பத்தை வரிசையாக வைத்தால் மொத்த நீளம் 100 செ.மீ. ஒரே ஒரு 100 செ.மீ. மீனின் நீளமும் அதுதான். ஆனால், அந்த ஒற்றை மீன் 10 செ.மீ. மீனைப் போல 1,000 மடங்கு எடை கொண்டது. அதாவது பத்து மீன்களும் சேர்ந்த எடையைப் போல 100 மடங்கு. உணவும் கழிவும் எடையோடு சேர்ந்து கூடுகின்றன, நீளத்தோடு அல்ல.

தொட்டிக்கு ஏற்பத்தான் மீன் வளருமா?

"சின்னத் தொட்டியில் விட்டால் மீனும் சின்னதாகவே இருக்கும்" என்ற பேச்சைப் பலரும் கேட்டிருப்பீர்கள். சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால், அது நோயின் அறிகுறி. கழிவு தேங்கிய நீரும், நீந்த இடமில்லாத நெருக்கடியும் மீனை வாட்டுகின்றன. அதன் உடல் வளைந்து போகலாம், ஆயுளும் குறையும். போதிய உணவின்றி வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பார்த்து, "வீட்டுக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது" என்று யாராவது சொல்வார்களா?

பெரிய மீனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: தொட்டியின் நீளம், வளர்ந்த மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தொட்டியின் அகலம், மீனின் நீளத்துக்குக் குறையக்கூடாது. அப்போதுதான் மீன் சிரமமின்றித் திரும்ப முடியும். இது குறைந்தபட்ச அளவு மட்டுமே.

செவ்வால் கெளுத்தி மீனை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் சிவந்த வாலும் கொண்ட இதன் குஞ்சுகள், கடைத் தொட்டியில் விரல் நீளத்தில் துறுதுறுவென்று இருக்கும். அமேசான் ஆற்றைச் சேர்ந்த இந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அப்படியானால் தொட்டி 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். உயரம் 1 மீட்டர் என்று வைத்தால் கொள்ளளவு 3,000 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆக, நீர் மட்டுமே 3 டன்! வீட்டு வரவேற்பறையில் ஏறத்தாழ மூன்று மைவி கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதற்குச் சமம். அடுக்குமாடி வீட்டில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

இந்த மீனுக்குத் துணையாக எதை விடலாம் என்ற கேள்விக்கே இடமில்லை. அதை வாங்காமல் இருப்பதே சரியான தேர்வு. தோமானுக்கும் இதே பதில்தான்.

மேல், நடு, அடி

வாழிடத்தில் விலங்குகளுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரே உணவுக்கும் ஒரே இடத்துக்கும் இரண்டு உயிரினங்கள் முட்டி மோதினால் போட்டி கடுமையாகும். ஆளுக்கொரு இடமும் ஆளுக்கொரு பழக்கமும் இருந்தால் போட்டி தணியும். மீன் தொட்டிக்கும் இது பொருந்தும்.

அரோவானா மீனின் வாயைக் கவனியுங்கள். மேல்நோக்கித் திறந்திருக்கும். முதுகு கிட்டத்தட்ட நேர்கோடு. நீர்ப்பரப்பின் அருகே நீந்தி, மேலே விழும் பூச்சிகளைப் பிடிப்பதற்கு ஏற்ற உடலமைப்பு இது. காட்டாற்றில் கிளையில் அமர்ந்திருக்கும் பூச்சியைக்கூட எகிறிப் பிடிக்கும். எனவே, அரோவானா தொட்டிக்கு கனமான மூடி கட்டாயம். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் கொண்ட டட்னாய்ட் மீன் நீரின் நடுப்பகுதியில் அசையாமல் காத்திருந்து இரை பிடிக்கும். கெளுத்தி இனங்களின் மீசை, அவை அடித்தரையில் இரை தேடுபவை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. வாயின் திசையையும் உடலின் வடிவத்தையும் பார்த்தாலே ஒரு மீன் எந்தத் தளத்தில் வாழும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தளம் வேறாக இருந்தாலும் குணத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்கார் போன்ற சிக்லிட் குடும்ப மீன்கள் தமக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். இனப்பெருக்கக் காலத்தில் அந்த எல்லைக்குள் யாரையும் விடமாட்டா. 1990களின் இறுதியில் மலேசியாவில் விற்பனைக்கு வந்து பெரும் மோகத்தைக் கிளப்பிய லுவோஹான் மீனும் இந்தக் குடும்பத்துக் கலப்பினம்தான். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடுகூடச் சண்டை போடும். அதைத் தனியாக வளர்ப்பதே அதற்கும் மற்ற மீன்களுக்கும் நல்லது.

இரண்டு தொட்டிகள், இரண்டு தேர்வுகள்

இப்போது உண்மையான தொட்டிகளுக்கு வருவோம். நம் கடைகளில் தொட்டிகளை அடிக்கணக்கில்தானே விற்கிறார்கள்?

முதலாவது, நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஏறத்தாழ 430 லிட்டர். இதில் ஓர் ஆஸ்கார் நிம்மதியாக வாழும். வளர்ந்த ஆஸ்கார் 30 செ.மீ. அளவில் இருக்கும். அதற்குத் துணையாக ஐந்து சில்வர் டாலர் மீன்களை விடலாம். அவை கூட்டமாக வாழ்பவை. உடல் உயரம் அதிகம். ஆஸ்காரோடு உணவுக்குப் போட்டியிடுவது குறைவு. சில்வர் டாலர்களை முதலில் விட்டு, அவை ஓரளவு வளர்ந்த பின் ஆஸ்கார் குஞ்சை விடுங்கள். எல்லை பிடிக்கும் மீன் கடைசியாக வருவது நல்லது. இல்லாவிட்டால் தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று அது முடிவு செய்துவிடும்.

இரண்டாவது, ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஏறத்தாழ 1,000 லிட்டர். நீர் மட்டுமே ஒரு டன். இதில் 60 செ.மீ. வரை வளரும் ஒரு கெலிசாவையும் இரண்டு டட்னாய்ட் மீன்களையும் வளர்க்கலாம். ஒன்று மேல்தளம், மற்றவை நடுத்தளம். கெலிசா என்பது நம் வட்டார அரோவானா. பேராக்கின் புக்கிட் மேரா ஏரி இதற்குப் பெயர்பெற்றது. காட்டில் அருகிவிட்டதால் சைடீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. பதிவு பெற்ற பண்ணையில் வளர்ந்து, உடலில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் உள்ள மீனை மட்டுமே வாங்க வேண்டும். பிரானாவைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். அதற்கு நம் நாட்டில் தடை உள்ளது.

இரண்டு பட்டியலிலும் மீன்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் கவனித்தீர்களா? பெரிய மீன் தொட்டி, பார்ப்பதற்குச் சற்றுக் காலியாகத் தெரிந்தால்தான் அது சரியான தொட்டி.

கண்ணுக்குத் தெரியாத கழிவு

மீன்கள் தம் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. இது நீரில் சேர்ந்தால் மீனுக்கே நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட் ஓரளவு தாங்கக்கூடியது. அதையும் நீரை மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுவது நல்ல பழக்கம். புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டியை வாங்கிய அன்றே பெரிய மீனை விடக்கூடாது என்பது இதனால்தான். குழாய் நீரில் உள்ள குளோரின் இந்த பாக்டீரியாக்களையும் மீனின் செவுளையும் பாதிக்கும். எனவே குளோரின் நீக்கி மருந்தைக் கலந்த பிறகே புதிய நீரை ஊற்ற வேண்டும்.

உயிர்வளியையும் மறந்துவிடக்கூடாது. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.2 மி.கி. உயிர்வளி கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது 7.5 மி.கி. அளவுக்குக் குறைகிறது. நம் ஊர் வெப்பத்தில் மீனுக்குத் தேவை கூடும். நீரில் இருப்போ குறையும். இதனால் காற்றுக்குமிழிக் கருவி தேவைப்படுகிறது. தோமான் மட்டும் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும். லம்பாமால் அது முடியாது. "தோமான் நல்லாத்தானே சார் இருக்கு" என்று அந்த மாணவன் சொன்னான். மோசமான நீரிலும் அது தாக்குப்பிடிக்கும் என்பதால், அது உயிரோடிருப்பது நீர் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

உணவிலும் ஒரு தவறான பழக்கம் உண்டு. உயிருள்ள சிறு தங்கமீன்களை வாங்கிப் போட்டு, வேட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். நெரிசலில் வளர்க்கப்பட்ட அந்த மீன்கள் நோய்க்கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் கூடவே கொண்டு வரும். மேலும், தங்கமீனின் உடலில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். அதையே தொடர்ந்து தின்னும் மீனுக்குச் சத்துக்குறைவு ஏற்படும். குஞ்சுப் பருவத்திலிருந்தே உருண்டை உணவுக்குப் பழக்குங்கள். இடையிடையே சந்தையில் வாங்கிய இறாலைச் சுத்தம் செய்து கொடுக்கலாம்.

ஆற்றில் விட்டால் என்ன?

எல்லாவற்றையும் விளக்கிய பின் அந்த மாணவன் கேட்டான்: "அப்ப தோமான ஆத்துல விட்டுடவா சார்? அது நம்ம ஊரு மீன்தானே?"

நல்ல எண்ணத்தோடு கேட்ட கேள்விதான். ஆனால், கூடாது என்றேன். தொட்டியில் வளர்ந்த மீன், வெளிநாட்டு மீன்களிடமிருந்து தொற்றிய நோயை ஆற்றுக்குக் கொண்டு போகலாம். தோமான் இல்லாத ஒரு குட்டையில் அதை விட்டால், அங்குள்ள சிறு மீன்களின் கதி அவன் தொட்டியில் இருந்த லம்பாம்களின் கதிதான்.

அயல்நாட்டு மீன் என்றால் விளைவு இன்னும் பெரிது. 1967 வாக்கில் பனாமா நாட்டில் ஒரு குளத்தில் வளர்க்கப்பட்ட பீகாக் பாஸ் மீன்கள் தப்பி, காத்துன் ஏரிக்குள் பரவின. இவையும் அமேசான் பகுதியைச் சேர்ந்த வேட்டை மீன்கள். தாமஸ் சாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அதுவரை அங்குச் சாதாரணமாகக் காணப்பட்ட மீன் இனங்களில் பெரும்பாலானவை பீகாக் பாஸ் பரவிய இடங்களில் மறைந்துபோனதைக் காட்டினார்கள். அச்சிறு மீன்கள் கொசுப்புழுக்களைத் தின்பவை. அவற்றை உண்டு வாழ்ந்த நீர்ப்பறவைகளும் இருந்தன. ஓர் இனம் உள்ளே வந்ததும் உணவு வலை முழுவதும் ஆட்டம் கண்டது. நாற்பது ஆண்டுகள் கழித்துச் செய்த ஆய்விலும் அந்த ஏரியின் சிறு மீன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இது தொலைதூரக் கதை அல்ல. அதே பீகாக் பாஸ் இன்று நம் பழைய ஈயக்குட்டைகளிலும் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களிலும் பெருகி வாழ்கிறது. சிங்கப்பூரின் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கை மீன்கள் இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டன. திருக்கையின் வால் முள்ளில் நஞ்சு உண்டு.

வளர்க்க முடியாத மீனை என்ன செய்வது? வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாம். எதற்கும் வழியில்லை என்றால், அந்த மீனை முதலிலேயே வாங்கியிருக்கக்கூடாது என்று பொருள்.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். ஆசைப்படும் ஒவ்வொரு மீனுக்கும் இவற்றை நிரப்புங்கள்.

1. முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு நீளம்?

2. துணை மீனின் உடல் உயரம், இதன் வாய்க்குள் நுழையுமா?

3. மேல், நடு, அடி: எந்தத் தளத்தில் வாழும்?

4. எல்லை பிடிக்கும் குணம் உண்டா?

5. எத்தனை ஆண்டு வாழும்?

ஐந்தாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஆஸ்கார் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். அரோவானா இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டாம் படிவத்தில் நீங்கள் வாங்கும் மீன், நீங்கள் பல்கலைக்கழகம் போகும்போதும் அதே தொட்டியில் உணவுக்காகக் காத்திருக்கும். அப்போது வாரந்தோறும் வாளியைத் தூக்கப் போவது யார்? பெரும்பாலும் அம்மாதான். எனவே, வாங்குவதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவன் தோமானைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைக்காரர் பணம் தரவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மீண்டும் அறிவியல் கூடத்துக்கு வந்தான். கையில் ஐந்து கட்டங்கள் போட்ட தாள். ஆஸ்கார், சில்வர் டாலர் இரண்டுக்கும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தான். அடியில் தன் இரண்டடித் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதன்மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தான்.

"நாலடி தொட்டி வாங்குற வரைக்கும் காசு சேர்க்கப் போறேன் சார். அதுவரைக்கும் கப்பி மீன் போதும்" என்றான்.